காக்டீல் முட்டையிட ஆரம்பித்துவிட்டதா? அறிகுறி பார்த்துச் செய்ய வேண்டியவை

எங்கள் வீட்டுக் காக்டீல் (கொண்டை வைத்த சின்னக் கிளி வகை) முத்து, ஆண் என்றுதான் ஒன்றரை வருடம் நினைத்துக்கொண்டிருந்தோம். முதுகு முழுக்க முத்து முத்தாக வெளிர்மஞ்சள் புள்ளிகள் இருந்ததால் வைத்த பெயர். அந்த வகையில் ஆணுக்கு முதல் இறகு உதிர்ப்போடு புள்ளிகள் மறையத் தொடங்கும், பெண்ணுக்குத்தான் தங்கும் என்பதெல்லாம் அப்போது தெரியாது. ஒரு நாள் காலை கூண்டின் அடிக் காகிதத்தில், நெல்லிக்காயைவிடச் சற்றுச் சின்னதாக ஒரு வெள்ளை முட்டை கிடந்தது. வீட்டில் வேறு பறவையே கிடையாது.

வாங்கிய கடையில் கேட்டேன். "எடுத்துப் போட்டுடுங்க சார், தானா நின்னுடும்" என்றார்கள். எடுத்தேன். இரண்டு நாளில் அடுத்தது வந்தது. அதையும் எடுத்தேன். இப்படியே 11 முட்டை. ஒன்பதாவது முட்டையின் ஓடு விரல் பட்டதும் நொறுங்கியது. பதினொன்றாவதுக்குப் பிறகு முத்துவால் கம்பியைப் பிடித்து ஏற முடியவில்லை. கால்நடை மருத்துவர் கால்சியம் ஊசி போட்டுத்தான் பிழைத்தது. அதன் பிறகு படித்தும் பட்டும் தெரிந்துகொண்டதை, நம் கண்ணில் படும் அறிகுறிவாரியாக எழுதுகிறேன்.

ஆண் இல்லாமல் முட்டை வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை, கோழி போலத்தான். அது பொரியாது, அவ்வளவுதான். காக்டீல் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியைச் சேர்ந்த பறவை. அங்கே மழை பெய்து, புல் விதை நிறைந்து, ஒரு மரப்பொந்தும் கிடைத்துவிட்டால் முட்டையிடத் தொடங்கும். நம் வீட்டில் தீனிக் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கிறது, இரவு 11 மணி வரை டியூப் லைட் எரிகிறது, சோபாவுக்கு அடியில் இருட்டு மூலை இருக்கிறது, தடவிக் கொடுக்க ஆளும் இருக்கிறது. பறவையின் கணக்கில் அது நல்ல மழை பெய்த வருடம். இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பாதி விஷயம் தானாகப் புரியும்.

உடலை உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறது, முக்குகிறது

மற்ற எதையும் படிக்கும் முன் இதைப் பாருங்கள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் இருப்பது, கால்களை அகட்டி நிற்பது, மூச்சுக்கு ஒரு முறை வால் மேலும் கீழும் ஆடுவது, எச்சம் வராமல் முக்குவது, ஒரு காலோ இரண்டு கால்களுமோ தள்ளாடுவது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் முட்டை உள்ளே சிக்கியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சிக்கிய முட்டை கால் நரம்பை அழுத்துவதால்தான் கால் தளர்கிறது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காலையில் பறவை இருக்காது.

உடனே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். கிளம்பும் வரை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வெதுவெதுப்பு. ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் காற்றுத் துளை போட்டு, அடியில் துண்டு விரித்துப் பறவையை விடுங்கள். பெட்டிக்கு வெளியே ஒரு பக்கம் மட்டும் 40 வாட் குண்டு பல்பு. உள்ளே 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் போதும். மறுபக்கம் குளிர்ச்சியாக இருக்கட்டும், சூடு அதிகமானால் பறவை நகர்ந்துகொள்ளும். சித்திரை வெயிலில் அறையே 33 டிகிரியில் இருக்கும்போது பல்பு வேண்டாம், மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்தினாலே போதும். ஆவி பறக்கும் வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றைப் பறவைக்கு எட்டாத தூரத்தில் வைத்தால் காற்றில் ஈரம் சேரும், அதுவும் உதவும்.

செய்யக் கூடாதவையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியர் இருக்கிறார். வயிற்றை அழுத்தி முட்டையைத் தள்ளாதீர்கள். உள்ளேயே உடைந்தால் ஓட்டுச் சில்லு குடலையும் முட்டைக் குழாயையும் கிழிக்கும். விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ உள்ளே விடாதீர்கள். முட்டை சிக்கியிருக்கும் இடத்துக்கு அந்த எண்ணெய் போய்ச் சேராது, இறகில் ஒட்டிப் பறவைக்குக் குளிரெடுப்பதுதான் மிச்சம். வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

மருத்துவமனையில் கால்சியமும் நீர்ச்சத்தும் ஏற்றுவார்கள், எக்ஸ்ரே எடுத்து முட்டை எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். பல பறவைகளுக்கு அந்த ஊசியும் சூடுமே போதும், சில மணி நேரத்தில் முட்டை வந்துவிடும். வராவிட்டால் ஊசியால் முட்டையின் உள்ளிருப்பை உறிஞ்சிச் சுருக்கி எடுப்பார்கள்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். நம் ஊர்களில் பெரும்பாலான தனியார் செல்லப்பிராணி மருத்துவமனைகளில் நாயும் பூனையும்தான் பார்ப்பார்கள். "பறவை பார்ப்பீங்களா?" என்று இந்த வாரமே போன் செய்து கேட்டு, பார்ப்பவரின் எண்ணைக் குறித்து வைத்துவிடுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகள் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பவர்கள் அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு குழப்பம் வரும். முட்டைமேல் அடைகாக்கும் பறவையும் உப்பித்தான் உட்காரும், கிட்டே போனால் பாம்பு மாதிரிச் சீறும். ஆனால் அதன் கண் பளிச்சென்று இருக்கும், அவ்வப்போது எழுந்து வந்து சாப்பிட்டு, பெரிதாக ஒரு எச்சம் போட்டுவிட்டுத் திரும்பிப் போகும். நோயுற்றது கண்ணை மூடி மூடித் திறக்கும், தினைக் கதிரை நீட்டினாலும் திரும்பாது.

பின்பக்கம் சிவப்பாகச் சதை தொங்குகிறது, அல்லது ரத்தம் சொட்டுகிறது

இதுவும் அவசரம். முக்கி முக்கி முட்டைக் குழாய் வெளியே வந்திருக்கலாம். அந்தச் சதை காயவிடக் கூடாது. மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைனில் சுத்தமான துணியை நனைத்து ஈரமாகவே வைத்திருங்கள். பறவை அதைக் கொத்தும், கொத்த விடாமல் துண்டில் தளர்வாகச் சுற்றிக் கொண்டுபோங்கள். நீங்களே உள்ளே தள்ள முயல வேண்டாம்.

முதல் முட்டையின் ஓட்டில் கோடு கிழித்தது போல ரத்தக்கறை இருப்பது வேறு, பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. சொட்டினால், நிற்காமல் கசிந்தால் மட்டும் ஓடுங்கள்.

முட்டை வந்துவிட்டது, பறவை நன்றாகத்தான் இருக்கிறது

சரி, இப்போது நிதானமாகப் பேசலாம். முதல் வேலை: முட்டையை எடுக்காதீர்கள்.

காக்டீல் ஒரு ஈட்டுக்கு (ஒரு தடவையில் தொடர்ந்து இடும் முட்டைகளுக்கு ஈடு என்று பெயர்) நான்கு முதல் ஏழு முட்டை இடும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒன்று என்ற கணக்கில். காலடியில் முட்டைகள் சேர்ந்துகொண்டே வரும்போதுதான் 'போதும், இனி உட்காரலாம்' என்று அதன் உடல் நிறுத்தும். எடுத்துவிட்டால் பாம்போ பல்லியோ தின்றுவிட்டதாக நினைத்து ஈடு கட்ட இன்னொன்று இடும். நான் செய்த தவறு இதுதான். ஒரு முட்டை 5 கிராம் இருக்கும், பறவையே 90 கிராம்தான். 60 கிலோ எடையுள்ள ஒரு பெண் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள குழந்தையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பெறுவதாக நினைத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி எழுதி அங்கேயே விடுங்கள். பேனா வேண்டாம், மை உள்ளே இறங்கும். கம்பித் தட்டில் உருண்டு உடைந்தால் அந்த அளவில் பிளாஸ்டிக் முட்டை வாங்கி வைக்கலாம். விரிசல் விட்டதை மட்டும் எடுத்துவிடுங்கள், அழுகும். கூடு பெட்டியோ மண் கலயமோ புதிதாக வைக்காதீர்கள். பாவம், தரையில் உட்கார்ந்திருக்கிறதே என்று நமக்குத் தோன்றும். ஆனால் கலயம் வைப்பது அடுத்த ஈட்டுக்கும் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல.

அடைகாக்கும் காலம் 18 முதல் 21 நாள். மூன்று வாரத்தில் ஒன்றும் பொரியாததால் பறவைக்கே சலித்து எழுந்துவிடும். அதுவரை கூண்டை இடம் மாற்றாதீர்கள், தீனியையும் குறைக்காதீர்கள்.

ஆணும் பெண்ணுமாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: குஞ்சு வேண்டாமென்றால் முட்டை இட்ட அன்றே எடுத்து, வேகவைத்து, ஆறியதும் திருப்பி வையுங்கள். ஒரு வாரம் அடைகாத்த பிறகு மொபைல் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சிலந்திக் கால் மாதிரி ரத்த நாளம் தெரிந்தபின் யோசிப்பது யாருக்கும் நல்லதல்ல.

ஓடு மெல்லியதாக, தோல் முட்டையாக, அல்லது சொரசொரப்பாக வருகிறது

கால்சியம் தீர்ந்துகொண்டிருக்கிறது. ஓட்டுக்குத் தேவையானது சாப்பாட்டிலிருந்து வராதபோது பறவை தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. ஓடு மெலிவது எச்சரிக்கை மணி, அடுத்த முட்டை சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். முட்டையை வெளியே தள்ளும் தசை வேலை செய்யவும் கால்சியம் வேண்டும் என்பதுதான் காரணம்.

கடையில் விற்கும் கலவைத் தீனியில் முக்கால்வாசி தினையும் சூரியகாந்தி விதையும்தான். தினையில் 100 கிராமுக்கு 30 மில்லிகிராம் அளவுக்குத்தான் கால்சியம். கேழ்வரகில் அதைப்போல் பத்து மடங்கு, 300 மில்லிகிராமுக்கு மேல். முருங்கைக் கீரையிலும் 300க்கு மேல். கேழ்வரகை முளைகட்டிக் கொடுங்கள், முருங்கைக் கீரையைக் கொத்தாகக் கம்பியில் கட்டித் தொங்க விடுங்கள். முத்து முதல் நான்கு நாள் அதை வில்லனைப் பார்ப்பது போலப் பார்த்தது, ஐந்தாம் நாள் காம்பு மட்டும்தான் மிச்சம். பாலக்கீரை இதற்கு உதவாது, அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கடல் நுரை வாங்க செல்லப்பிராணிக் கடைக்கே போக வேண்டும் என்பதில்லை. கணவாயின் ஓடுதான் அது, நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேட்டாலே கொடுப்பார்கள். பொடியாக வாங்காமல் முழு ஓடாக வாங்குங்கள். உப்பு போக ஒரு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மெத்தென்ற பக்கம் பறவையைப் பார்க்கும்படி கட்டுங்கள். கோழி முட்டை ஓட்டைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, நொறுக்கியும் வைக்கலாம்.

இவ்வளவு கொடுத்தாலும் வைட்டமின் டி3 இல்லாமல் உடம்பில் சேராது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அதற்கு வேண்டிய கதிர் வராது. காலை இளவெயிலில் அரை மணி நேரம் கூண்டோடு பால்கனியில் வையுங்கள், பாதிக் கூண்டு நிழலில் இருக்கட்டும், நீங்களும் கூடவே இருங்கள். காக்கையும் பூனையும் நாம் உள்ளே போகும் நேரத்துக்காகத்தான் காத்திருக்கின்றன. மனிதர்களுக்கான கால்சியம், டி3 மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள். டி3 மிஞ்சினால் சிறுநீரகம் போய்விடும். சொட்டு மருந்து வேண்டுமென்றால் மருத்துவர் பறவையின் எடை பார்த்து அளவு சொல்லட்டும்.

ஒரு ஈடு முடிந்து சில வாரத்திலேயே அடுத்தது

முட்டைகளை எடுக்காமல் விட்டும் இப்படி நடந்தால், பறவைக்கு வீடு இன்னும் மழைக்காலமாகவே தெரிகிறது என்று பொருள். அந்த ஈட்டை முடிக்கவிட்டு, பறவை எழுந்ததும் கீழே உள்ளவற்றைச் சேர்த்துச் செய்யுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுப் பலனில்லை என்று சொல்பவர்களைத்தான் நிறையப் பார்க்கிறேன்.

முதலில் வெளிச்சம். சென்னையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். ஆகவே வெளியே இருக்கும் சூரியனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஹாலில் டிவி பார்க்கும் வரை எரியும் விளக்குதான் பகலை 16, 17 மணி நேரமாக நீட்டுகிறது. மாலை 6 மணிக்கு ஆள் நடமாட்டமில்லாத அறைக்குக் கூண்டைக் கொண்டுபோய்விடுங்கள், காலை 7 வரை இருட்டு. மூன்று வாரமாவது விடாமல் செய்ய வேண்டும். கனமான போர்வையால் மூடிப் புழுங்க வைக்காதீர்கள், ஜன்னல் திரையை இழுத்துவிட்டாலே போதும். காக்டீலுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு: நள்ளிரவில் எதற்கோ பயந்து கூண்டுக்குள் சிறகடித்துக் கம்பியில் மோதும். உங்கள் பறவை அந்த ரகம் என்றால் அறைக்கு வெளியே ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும்.

அடுத்து நம் கை. தலையும் கழுத்தும் மட்டும் தடவலாம். முதுகு, சிறகுக்கு அடி, வால் பக்கம் தடவினால் பறவைக்கு அது கொஞ்சல் அல்ல, இணைசேரும் அழைப்பு. கை பட்டதும் குனிந்து, வாலைத் தூக்கி, மெதுவாகக் கீச்சிட்டால் உடனே கையை எடுத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். எங்கள் வீட்டில் இதுதான் கடினமாக இருந்தது. என் அம்மா முத்துவை மடியில் வைத்து முதுகு தடவிக்கொண்டுதான் சீரியல் பார்ப்பார். விஷயத்தைச் சொன்னதும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கண்ணாடி, மணி கட்டிய பொம்மை இவற்றுக்குப் பறவை இரை கக்கி ஊட்டினால் அவற்றை அதன் துணையாக வரித்துவிட்டது என்று அர்த்தம், எடுத்துவிடுங்கள். ஷூ ஸ்டாண்டு, பீரோவின் கீழ், துணி அலமாரி, சமையலறை மேல் தட்டு, எந்த இருட்டுக்குள் நுழைந்தாலும் வெளியே கொண்டுவாருங்கள். கிழிக்கக் காகிதம் கிடைக்காதபடி அடித்தட்டுக்கு மேல் கம்பி வலை போடுங்கள். கூண்டை நான்கைந்து நாளுக்கு ஒருமுறை வேறு சுவருக்கு நகர்த்தி, உட்காரும் குச்சிகளையும் மாற்றி மாற்றி வையுங்கள். எந்நேரமும் மாறிக்கொண்டிருக்கும் இடத்தில் கூடு கட்ட அதற்கு மனம் வராது.

தீனி கடைசியாக. அவித்த முட்டை, ஊறிய பயறு, சோளம் போன்ற மெத்தென்ற சாப்பாடு எல்லாம் குஞ்சு வளர்க்கும் காலத்துச் சாப்பாடு. சில வாரம் நிறுத்துங்கள், முளைகட்டிய கேழ்வரகும் அதில் அடக்கம். கிண்ணம் நிறைய விதையை நாள் முழுக்க வைக்காமல் ஒன்றரை முதல் இரண்டு டேபிள் ஸ்பூன் அளந்து, காலையும் மாலையுமாகக் கொடுங்கள். கொஞ்சத்தைக் காகிதம் இல்லாத தட்டில் தவிட்டோடு கலந்து தேட விடுங்கள். பட்டினி போடச் சொல்லவில்லை. ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் சமையல் தராசு வாங்கி, காலையில் தீனிக்கு முன் எடை குறித்து வையுங்கள். வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அதே நோட்டு இன்னொன்றுக்கும் உதவும்: முட்டை வருவதற்கு முன் எடை சில கிராம் கூடுவதைப் பார்த்தே நாம் தயாராகிவிடலாம்.

இத்தனைக்கும் அடங்காத பறவைகள் உண்டு. லூப்ரோலைடு ஊசி, டெஸ்லோரெலின் என்னும் தோலடிப் பதியம் என்று ஹார்மோனைச் சில மாதம் அடக்கி வைக்கும் மருந்துகள் இருக்கின்றன. உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். முட்டைக் குழாயை அறுவை செய்து எடுப்பதும் உண்டு. 90 கிராம் உயிருக்கு அது சின்ன விஷயமல்ல, கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளலாம்.

எச்சம் பெரிதாக, நாற்றத்தோடு வருகிறது

முட்டையிடும் சமயத்திலும் அடைகாக்கும்போதும் சகஜம். கூட்டை அசிங்கப்படுத்தாமல் மணிக்கணக்கில் அடக்கி வைத்து ஒரேயடியாகப் போடும். எழுந்த பிறகும் தண்ணீராகவே போனால்தான் பார்க்க வேண்டும்.

கொஞ்சிக்கொண்டிருந்த பறவை கடிக்கிறது

கடிக்கட்டும். முட்டை இருக்கும் இடத்தில் கை விடாதீர்கள், தட்டைச் சுத்தம் செய்வதைப் பறவை சாப்பிட எழும் நேரத்துக்குத் தள்ளிவையுங்கள். ஈடு முடிந்ததும் பழையபடி தோளில் வந்து உட்காரும்.

வயிறு வீங்கியிருக்கிறது, முட்டை மட்டும் வரவில்லை

மூச்சும் வாங்கினால் நாள் கடத்த வேண்டாம். மஞ்சள் கரு குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள் கொட்டி அழற்சி உண்டாகியிருக்கலாம், வேறு காரணங்களும் உண்டு. வெளியிலிருந்து பார்த்து நாம் பிரித்தறிய முடியாது, எக்ஸ்ரே வேண்டும்.

முட்டைகளை விட்டு எழுந்துவிட்டது

அரை நாளுக்கு மேல் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் எடுங்கள், பறவை வேறு அறையில் இருக்கும்போது. கையோடு கூண்டைக் கழுவி, குச்சிகளை மாற்றி, வேறு சுவரில் வையுங்கள். அன்றைக்கே மாலை 6 மணி இருட்டைத் தொடங்குங்கள், இதைத் தள்ளிப்போட்டால் இரண்டு வாரத்தில் மறுபடி காகிதம் கிழிக்கும். கடல் நுரையை மட்டும் எடுத்துவிடாதீர்கள், கரைந்த எலும்பு திரும்பச் சேர மாதக்கணக்கில் ஆகும். முத்து இரண்டாம் முறை ஐந்து முட்டையோடு நிறுத்தியது. எடை 84 கிராமுக்கு இறங்கி, ஆறு வாரத்தில் 91க்கு வந்தது. அம்மா இப்போது தலையை மட்டும்தான் தடவுகிறார், நான் பார்க்கும்போது.